ஒரே வருடத்து இரண்டு ரீஸ்லிங், ஒன்றில் மட்டும் மண்ணெண்ணெய் வாடை. ஏன்?

கேப் தென்றல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒயின் பற்றி இங்கே கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரில் அம்மா கண்ணில் பட்டால் கதை கந்தல்.

நாங்கள் பாளையங்கோட்டை. கேப்டவுன் பக்கம் பெல்வில்லுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு மீன்குழம்போடு சேரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயின் இரண்டு புட்டி வாங்கினேன். இரண்டும் போன வருட அறுவடை, இரண்டும் திருகு மூடி, விலையில் பத்து ராண்ட் கூட வித்தியாசம் இல்லை. ஒன்றின் லேபிளில் எல்ஜின் என்று ஊர்ப் பெயர் இருந்தது. இன்னொன்று மலைகளுக்கு அந்தப் பக்கம், பிரீட ஆற்றுப் பள்ளத்தாக்கு.

ஸ்னூக் மீனில் புளிக்குழம்பு வைத்தேன். எல்ஜின் புட்டி நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளின மாதிரி வாசனை, கூடவே பச்சை ஆப்பிள். வாயில் விட்டதும் பல் கூசியது, ஆனால் குழம்புக்கு அபாரமாக இருந்தது. இரண்டாவதில் பழுத்த பீச், கொஞ்சம் தேன். அது பிரச்சினை இல்லை. மூடியைத் திருகினதுமே குப்பென்று மண்ணெண்ணெய்! சின்ன வயதில் ரேஷன் கடை வரிசையில் பத்து லிட்டர் கேனோடு நின்ற ஞாபகமே வந்துவிட்டது.

ரசீதோடு கடைக்குக் கொண்டு போனேன். "ரீஸ்லிங் என்றால் அப்படித்தான்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் என்றால் எல்ஜின் புட்டியில் ஏன் இல்லை? ஒரே திராட்சை, ஒரே வருடம். இடத்தால் வருகிற வித்தியாசமா, மழையா, மண்ணா, இல்லை கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஜோபர்க் கணக்கர் எழுதியது:

எல்லாம் லேபிள் கதைதான் மேடம். ஒவ்வொரு தோட்டத்துக்காரனும் எங்கள் மலை, எங்கள் பாறை, எங்கள் காற்று என்று ஒரு பத்தி எழுதுவான். அந்தப் பத்திக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். தொழிற்சாலையில் ஈஸ்ட்டை மாற்றினால் வாசனை மாறப்போகிறது. இதற்கு எதற்கு மலையும் மழையும்?


கம்பத்துக்காரன் எழுதியது:

தங்கச்சி, புட்டி கெடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியைக் குழம்பு சுடவைக்கிற நேரத்தில் படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, பந்தல் போட்டது. நான் இப்போது எல்ஜினில் ஒரு தோட்டத்தில் கொடி பார்க்கிறேன். இங்கே அறுவடை நடந்துகொண்டிருக்கிறது, விரலெல்லாம் பிசுபிசு. அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கர் சார் சொன்னதில் பாதி சரி. ஈஸ்ட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் ரீஸ்லிங்கைப் பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியில் குளிர வைத்துப் புளிக்கவைத்து, ஓக் பீப்பாய் பக்கமே காட்டாமல் புட்டியில் அடைக்கிறார்கள். மற்ற வெள்ளை ஒயினில் பீப்பாய் வாசனையும் வெண்ணெய் வாசனையும் எதையாவது மூடி மறைத்துவிடும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அதுவும் இளசாக இருக்கும்போது கொடி என்ன பாடுபட்டது என்று அப்படியே தெரியும்.

கம்பத்தில் திராட்சைக்குக் குளிர்காலமே கிடையாது. கவாத்து பண்ணினால் துளிர்க்கும், நாலு மாதத்தில் வெட்டலாம். இழுத்துப் பிடித்தால் இரண்டு வருடத்தில் ஐந்து வெட்டு. வெயில் உச்சந்தலைக்கு மேலேயே நிற்பதால் கொடியை மேட்டில் எந்தப் பக்கம் வைத்தாலும் அப்பா கவலைப்பட்டதில்லை. அவர் கவலை தண்ணீர், அப்புறம் கமிஷன்காரர்.

அந்த நினைப்போடுதான் இங்கே வந்தேன். முதல் வாரமே ஒரு தெற்குச் சரிவைக் காட்டி, "ரீஸ்லிங்குக்கு இதுதான் நல்ல இடம்" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. இந்த ஊரில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது, வடக்குச் சரிவில்தானே வெயில் விழும்? ஆமாம், அதனால்தான் தெற்கில் வைத்திருக்கிறோம் என்றார்கள். ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையில் இதே திராட்சைக்கு நேர் எதிரான பாடு. அது 50வது அட்சரேகை. அங்கே வெயில் பார்க்கிற தெற்குச் சரிவைத் தேடித் தேடி, பிரெம் கிராமத்துக்கு மேலே கால்மோன்ட் என்ற இடத்தில் 65 டிகிரி சாய்வில்கூட நட்டு வைத்திருக்கிறார்கள். கறுப்பு ஸ்லேட் கல் பகலில் சூடேறி ராத்திரியில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. நாம் இருப்பது 34வது அட்சரேகை. அவர்கள் வெயிலைத் தேடி மலை ஏறுகிறார்கள், நாங்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

என்2 நெடுஞ்சாலையில் சர் லோரி கணவாய் ஏறியிருக்கிறீர்களா? ஜனவரி மத்தியானம் ஏறுங்கள். அடிவாரத்து சாமர்செட் வெஸ்டில் காரின் திரையில் 32 டிகிரி காட்டும், மேலே ஏறினதும் மளமளவென்று இறங்கும். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும், அது எந்த ஊரிலும் கணக்கு. எல்ஜினுக்கு அதோடு தென்கிழக்குக் காற்றும் சேர்கிறது. கடலிலிருந்து மேகத்தை அள்ளிக்கொண்டு வந்து பள்ளத்தாக்குக்கு மேலே குடை பிடிக்கும். ஆப்பிள் ஊர் என்றுதான் இதற்குப் பெயர். ஆப்பிளுக்கு வேண்டிய குளிர்தான் ரீஸ்லிங்குக்கும் வேண்டும் என்று பிறகுதான் முளைத்தது யோசனை. பால் குளூவர் தோட்டத்தில் ரீஸ்லிங் நட்டது 1987இல். அதற்கு முன்னால் இங்கே கொடி என்றாலே ஆச்சரியமாகப் பார்ப்பார்களாம்.

சரி, குளிர் என்ன செய்கிறது? திராட்சையில் முக்கியமாக இரண்டு புளிப்பு. டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாலிக் அமிலம், அதாவது பச்சை ஆப்பிளில் இருக்கிற புளிப்பு, பழம் மூச்சு விட விட எரிந்து போகும். ராத்திரியும் சூடாக இருந்தால் வேகமாகப் போய்விடும். வெயில் ஊரில் சர்க்கரை ஓடி வருகிறது, புளிப்பு அதைவிட வேகமாக ஓடிப் போகிறது. வாசனை வருகிற வரை காத்திருந்தால் பழம் சப்பென்றாகிவிடும் என்று சீக்கிரம் பறிக்க வேண்டியதுதான். எங்களுக்கு அந்த அவசரம் இல்லை. சர்க்கரை மெதுவாக ஏறும், புளிப்பு தங்கும், வாசனை நிதானமாக வந்து சேரும். உங்கள் பல் கூசியது அந்த ராத்திரிக் குளிரால்தான்.

இனி மண்ணெண்ணெய். நேற்று சாயங்காலம் பதினேழாம் வரிசையில் ஒரு கொத்தை அறுக்காமல் கையில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசைகள் வடக்கு தெற்காக ஓடும். மேற்குப் பக்க இலையை யாரோ அதிகமாகக் கிள்ளிவிட்டார்கள் (யார் என்று தெரியும், விடுங்கள்). அந்தப் பக்கத்துப் பழம் மஞ்சளேறி, பழுத்த வாழைப்பழத்தில் இருக்கிற மாதிரி பழுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. தோல் தடிப்பு. கடித்தால் தேன், கடைசியில் லேசாகக் கசப்பு. அதே கொத்தின் கிழக்குப் பக்கம் பச்சையும் கண்ணாடியுமாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே விதை தெரிகிறது. ருசி அப்படியே சாத்துக்குடி. ஒரே காம்பு! உங்கள் இரண்டு புட்டியும் இந்த ஒரு கொத்தின் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரட்டில் இருக்கிற மாதிரியான நிறப்பொருள்கள் திராட்சைத் தோலிலும் உண்டு. சாயங்கால வெயில் நேராகப் படுகிற பழத்தில் அவை உடைந்து வேறொன்றாக மாறி, சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு வாசனையில்லாமல் கிடக்கும். புட்டிக்குள் ஒயினின் புளிப்பு அதை மெல்ல மெல்லப் பிரித்துவிடும். அப்போது வருகிற பொருளை டிடிஎன் என்பார்கள், அதுதான் நீங்கள் மோந்த மண்ணெண்ணெய். குளிர்ந்த இடத்து ரீஸ்லிங்கில் அது தலைகாட்ட பல வருடம் ஆகும். வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் இருந்த பழம் என்றால் இளசிலேயே வந்து நிற்கும். கார்க் மூடி அதில் கொஞ்சத்தை உறிஞ்சிவிடும், திருகு மூடி உறிஞ்சாது.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் பத்து வயதான ரீஸ்லிங்கில் அது அழகு. ஒரு வயதுக் குழந்தைக்கு நரைத்த மாதிரி இருந்தால் என்ன சொல்வது? எனக்குப் பிடிக்காது. பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.


சாட்ஸ்வொர்த் பாட்டி எழுதியது:

கண்ணு, நான் டர்பனில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்தது, தப்பு இருந்தால் திருத்துங்கள்.

உன் வீட்டில் பழைய புட்டி ஏதாவது கிடந்தால் ஜாக்கிரதை. எங்கள் காலத்தில் இந்த நாட்டில் ரீஸ்லிங் என்று எழுதி விற்றது ரீஸ்லிங்கே இல்லை. அது குரூஷென் பிளாங்க், பிரான்சின் தென்மேற்குப் பக்கத்துத் திராட்சை. கேப் ரீஸ்லிங் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிஜ ரீஸ்லிங் பாவம், வெய்சர் ரீஸ்லிங், ரைன் ரீஸ்லிங் என்று அடைமொழி போட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 2010 அறுவடையிலிருந்துதான் சட்டம் மாறி, வெறும் ரீஸ்லிங் என்றால் அசல் ஜெர்மன் திராட்சை என்று ஆயிற்று. என் அண்ணன் முப்பது வருடம் "ரீஸ்லிங் எனக்கு அத்துப்படி" என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் அதைக் குடித்ததே இல்லை என்று தெரிந்த அன்றைக்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே.

தம்பி கம்பம், அந்தக் கல் விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? பாறை ருசி, ஈரக்கல் ருசி என்று எழுதுகிறார்களே, கொடி கல்லை உறிஞ்சுமா?


கேப் தென்றல் எழுதியது:

பாட்டி, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு கொத்தின் இரண்டு பக்கம் என்று சொன்னது நன்றாகப் பதிந்துவிட்டது. இன்னும் ஒன்று கேட்கிறேன். அடுத்த வருடமும் அதே எல்ஜின் புட்டியை வாங்கினால் இதே ருசி இருக்குமா? இடம் மாறாது, மழை மாறும் இல்லையா?


கம்பத்துக்காரன் எழுதியது:

பாட்டிக்கு முதலில். கொடி கல்லை உறிஞ்சாது. வேர் எடுப்பது தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும்தான், அவ்வளவு கொஞ்சத்துக்கு நாக்கில் ருசி தெரியாது. எங்கள் தோட்டத்தில் பொக்கெவெல்ட் ஷேல் என்கிற அடுக்குப் பாறை, கையால் நொறுக்கினால் சல்லி சல்லியாக வரும், கீழே களிமண். அந்தக் களிமண் குளிர்கால மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜனவரி, பிப்ரவரியில் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. கொடி தவிக்காமல் இருந்தால் இலை உதிராது, இலை இருந்தால் கொத்துக்கு நிழல். மண் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் ருசிக்குள் வருகிறது. ஈரக்கல் என்று எழுதுகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் புளிப்புக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சி, இதே ருசி இருக்காது. இரண்டு வருடத்தை மட்டும் சொல்கிறேன்.

2018. மூன்று வருடப் பஞ்சத்தின் கடைசி. பிப்ரவரி 1லிருந்து கேப்டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர்தான் என்று வைத்திருந்தார்களே, அந்த வருடம். எங்கள் அணையில் இருந்த தண்ணீர் ஆப்பிளுக்குப் போதுமா என்பதே பேச்சாக இருந்தது, திராட்சைக்கு மிச்சம் மீதிதான். பழம் குண்டுமணி மாதிரி சிறுத்துப்போனது. தோல் கூட, சாறு குறைவு. பிழிந்தபோது தொட்டி பாதிகூட நிரம்பவில்லை, பார்க்க வயிறு எரிந்தது. ஆனால் அந்தச் சாறு என்ன அடர்த்தி! புட்டியில் அடைத்த முதல் வருடமே பீச்சும் இஞ்சியும். எங்கள் எல்ஜின் ஒயினிலேயே கொஞ்சம் மண்ணெண்ணெயும் சீக்கிரம் எட்டிப் பார்த்தது. ஆகவே அந்த பிரீட ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒயினை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

2021 அதற்கு நேர் எதிர். கோடை முழுக்க குளிர்ச்சி, எல்லாம் தாமதம். வழக்கமாகக் கத்தரிக்கோல் எடுக்கிற நாளைத் தாண்டி இரண்டு வாரம் வரிசைக்குள் சும்மா நடந்துகொண்டிருந்தோம். தினமும் காலையில் பத்துப் பழம் பறித்து, ரிஃப்ராக்டோமீட்டரில் சொட்டு விட்டுப் பார்ப்பேன். இங்கே சர்க்கரையை பாலிங் என்ற அளவில் சொல்வார்கள். 21 பாலிங் வந்தால் சுமார் 12 சதவிகிதம் ஆல்கஹால் கிடைக்கும். 19இலேயே நின்றது, 19 அரை, மறுபடியும் 19 அரை. எனக்குக் கை பரபரத்தது. கம்பத்தில் என்றால் அப்பா எப்போதோ வெட்டி லாரியில் ஏற்றியிருப்பார். எங்கள் ஒயின் மேக்கர் அம்மா மீட்டரைப் பார்க்கவே மாட்டார். பழத்தை மென்று, விதையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் நடந்துவிடுவார். பழுப்பேறின அன்றைக்குத்தான் பெட்டி எடுக்கச் சொன்னார்.

அந்த வருடத்து ஒயினை முதலில் குடித்தபோது எனக்குக் கண் கூசியது, அவ்வளவு புளிப்பு. அங்கேதான் ஒரு கை வேலை இருக்கிறது. புளிக்குழம்பில் புளி தூக்கலாகிவிட்டால் கடைசியில் துளி வெல்லம் போடுவோம் இல்லையா? குழம்பு இனிக்காது, புளி மட்டும் அடங்கும். அதே மாதிரி தொட்டியைச் சட்டென்று குளிர்வித்து ஈஸ்ட்டைத் தூங்க வைத்து, லிட்டருக்கு ஆறு ஏழு கிராம் திராட்சைச் சர்க்கரையை மிச்சம் விடுவார்கள். புளிப்பு எட்டு ஒன்பது கிராம் இருக்கும் ஒயினில் அந்தச் சர்க்கரை இனிப்பாகவே தெரியாது. வெயில் வருடத்தில் அதே ஏழு கிராம் விட்டால் பானகம். ஆக வருடம் எப்படியோ அப்படித்தான் இதையும் முடிவு பண்ண வேண்டும். கணக்கர் சார் சொன்ன தொழிற்சாலை வேலைகூட வானத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது.

மார்ச்சில் மழை வந்தால் வேறு கதை. கொத்து நெருக்கமான ஜாதி இது, உள்ளே ஈரம் தங்கினால் போட்ரைட்டிஸ் பூஞ்சை. காலையில் பனி, மத்தியானம் காய்ந்த காற்று என்று அமைந்தால் அதே பூஞ்சை பழத்தை உலர்த்தி, தேனாக ஒரு இனிப்பு ஒயின் தரும். அமையாவிட்டால் வெட்டிக் கீழே எறிய வேண்டியதுதான்.

இன்னொன்று, மறந்துவிடுவேன். அறுவடை முடிந்த ஆறு ஏழு மாதத்தில், புட்டியில் அடைத்த சூட்டோடு வாங்கிக் குடித்துவிட்டு இடத்தின் ருசி தெரிகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போது மூக்கில் ஏறுவது ஆரஞ்சு மிட்டாய், பேரிக்காய் மிட்டாய். அது ஈஸ்ட் போட்ட வாசனை. நாக்கில் லேசாகச் சுறுசுறு என்று வாயுவும் இருக்கும். அடுத்த கோடைக்குள் இரண்டும் ஓடிவிடும். நீங்கள் ஒரு வருடம் கழித்துக் குடித்தது நல்ல நேரம்.


ஜோபர்க் கணக்கர் எழுதியது:

விதையைத் துப்பிப் பார்க்கிற ஒயின் மேக்கர் அம்மாவுக்காக என் பேச்சில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். லேபிளில் இருக்கிற பத்திகளைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.


கேப் தென்றல் எழுதியது:

அண்ணா, அந்த இரண்டாவது புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. மூடி ஃப்ரிட்ஜில் வைத்து நேற்று மறுபடி ஊற்றினேன், இந்தத் தடவை வெளியே எடுத்துக் கால்மணி நேரம் வைத்திருந்து. மண்ணெண்ணெய் இருக்கிறது, ஆனால் முதல் நாள் மாதிரி அடிக்கவில்லை. வீட்டுக்காரருக்கு என்னவோ இதுதான் பிடித்திருக்கிறது, எல்ஜின் புட்டி அவருக்கு வெறும் புளித் தண்ணீராம். பழைய குழம்பைச் சுண்ட வைத்து, இதோடு சாப்பிட்டுவிட்டு இன்னொரு புட்டி வாங்கச் சொல்கிறார். ரேஷன் வரிசையில் நிற்காதவர், அவருக்கு என்ன தெரியும்!

ஒரு நாள் தோட்டத்துக்கு வந்து அந்தக் கொத்தைப் பார்க்கலாமா?


கம்பத்துக்காரன் எழுதியது:

தாராளமாக வாங்க, அவரையும் கூட்டிக்கொண்டு. பதினேழாம் வரிசையில் ஒரே ஒரு கொத்தை வெட்டாமல் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன், கிழக்குப் பக்கம் உங்களுக்கு, மேற்குப் பக்கம் அவருக்கு. இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடுங்கள். பபூன் குரங்குகள் அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் நான் பொறுப்பில்லை. ஏப்ரலுக்கு அப்புறம் என்றால் இங்கே ஆப்பிள்தான் இருக்கும்.